ஆகஸ்டில் குமரகம், ஆலப்புழை: அப்பா அம்மாவோடு 3 நாள், ஹவுஸ்போட் தேவையா?

சாக்லேட் கடை, நாயுடுபுரம்:

கொடைக்கானல் மக்களுக்கு வணக்கம். மே சீசன், மலர்க் கண்காட்சி எல்லாம் முடிந்து இப்போதுதான் கடையில் மூச்சு விட நேரம் கிடைத்திருக்கிறது. ஊர் உலகமெல்லாம் லீவு விட்டால் நம்மைத் தேடி மேலே வருகிறது, நாம் கீழே இறங்க நேரம் கிடைப்பது ஜூலை ஆகஸ்டில்தான், அதிலும் ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி சனி ஞாயிறு வந்துவிட்டால் கடையை விட்டு அசைய முடியாது. அதனால் ஆகஸ்ட் முதல் வாரமோ கடைசி வாரமோ 3 நாள் கேரளாவில் வேம்பநாட்டுக் காயல் பக்கம் போவதாக வீட்டில் முடிவாகியிருக்கிறது. நான், மனைவி, 11 வயசுப் பையன், 7 வயசுப் பொண்ணு, அப்பா, அம்மா. சொந்த வண்டி. அம்மாவுக்கு முழங்கால் வலி, சுத்த சைவம். அப்பாவுக்கு மீன் இருந்தால் போதும், ஊரே வேண்டாம்.

குமரகமா ஆலப்புழையா? ஹவுஸ்போட்டில் ஒரு ராத்திரி தங்க அவர்கள் கேட்கிற காசு தகுமா? கொட்டுகிற மழையில் போய் என்னதான் பார்ப்பது? என் மச்சான் "மழைக்காலத்தில் யாராவது கேரளா போவானா" என்று இப்போதே ஆரம்பித்துவிட்டார்.

ஏரிச்சாலை சைக்கிள்:

60 ஏக்கர் ஏரியை ஊருக்கு நடுவில் வைத்துக்கொண்டு ஏரி பார்க்கக் கிளம்புகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். போய்ட்டு வாங்கண்ணா. ஆனால் ஹவுஸ்போட்டில் ராத்திரி தங்காமல் வந்தீர்கள் என்றால் போனதே வேஸ்ட், அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

வத்தலக்குண்டு வண்டி:

முதலில் ரோடு. மலை இறங்கி அடிவாரத்துக் காட்ரோட்டில் வத்தலக்குண்டு பக்கம் திரும்பாமல் தேவதானப்பட்டி, பெரியகுளம், தேனி, சின்னமனூர், கம்பம், குமுளி. அங்கிருந்து பீர்மேடு, குட்டிக்கானம், முண்டக்கயம், காஞ்சிரப்பள்ளி, கோட்டயம். மொத்தம் 260 கிலோமீட்டர் பக்கம் வரும், ஆனால் இரண்டு மலை இறங்க வேண்டும் என்பதால் பிள்ளைகளோடு நின்று நின்று போனால் ஒரு பகல் முழுசாகப் போய்விடும். பெரியகுளத்துக்குக் குறுக்கே இறங்குகிற அடுக்கம் ரோடு தூரம் குறைவு என்று யாராவது சொன்னால் மழையில் கேட்காதீர்கள், மண் சரிந்து கிடந்தால் திரும்புவதற்குக்கூட இடம் இருக்காது.

குட்டிக்கானத்தில் ஆகஸ்டில் மத்தியானம் 2 மணிக்கே பனி இறங்கி முன்னால் போகிற லாரியின் பின்விளக்கு மட்டும்தான் தெரியும். நம்ம ஆட்களுக்கு அது புதுசில்லை. அதைத் தாண்டி இறக்கத்தில் வளஞ்ஞாங்கானம் அருவி ரோட்டை ஒட்டியே விழும், மழைக்காலத்தில் காருக்குள்ளேயே சாரல் அடிக்கும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கனமழைக்கு ரெட் அலர்ட் கொடுத்தால் இடுக்கி மாவட்டத்தில் ராத்திரி வண்டி விடமாட்டார்கள், அதனால் விடிகாலை கிளம்பி வெளிச்சத்திலேயே கோட்டயம் சேருவது மாதிரி பாருங்கள்.

சாக்லேட் கடை, நாயுடுபுரம்:

நன்றி அண்ணா. போடி, மூணாறு வழி எப்படி?

வத்தலக்குண்டு வண்டி:

மூணாறு பார்க்கணும் என்றால் போங்க. காயல் பார்க்கணும் என்றால் குமுளி வழிதான்.

கோட்டயத்து மருமகள்:

தம்பி, நான் பெருமாள்மலைப் பெண், கட்டிக்கொடுத்த இடம் கோட்டயம், காயல் கரையிலிருந்து கொஞ்ச தூரம்தான். உங்கள் மச்சான் சொன்னதற்கு முதலில் பதில் சொல்கிறேன். ஆகஸ்டை "ஆஃப் சீசன்" என்று சொல்வது ஹோட்டல்காரர்கள் கணக்கு. இங்கே இருக்கிறவர்களுக்குக் காயல் உயிரோடு இருப்பது இப்போதுதான். ஆறெல்லாம் நிறைந்து வந்து விழும், படகுப்போட்டிக்கு ஊர் ஊராகப் பயிற்சி நடக்கும், வயலெல்லாம் ஆம்பல் பூத்துக் கிடக்கும், அறை வாடகையும் டிசம்பரில் கேட்கிறதை விட நன்றாகக் குறைந்திருக்கும்.

ஆனால் ஒன்று, சினிமாவில் காட்டுகிற பச்சை வயல் ஆகஸ்டில் இருக்காது. காயலை ஒட்டிய குட்டநாட்டில் கடல் மட்டத்துக்குக் கீழே விவசாயம் பண்ணுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், சில இடத்தில் இரண்டு மீட்டருக்கும் மேல் பள்ளம். மழைக்காலத்தில் பெரும்பாலான பாடசேகரங்களில், அதாவது வரப்பு கட்டின வயல் தொகுதிகளில், தண்ணீரை அப்படியே விட்டுவிடுவார்கள், வயல் எது காயல் எது என்று தெரியாது. அப்புறம் அக்டோபர், நவம்பர் வாக்கில் மோட்டார் போட்டுத் தண்ணீரை இறைத்து வெளியே கொட்டிவிட்டுத்தான் புஞ்சை என்கிற போகத்து நெல்லை விதைப்பார்கள். பழைய முறைப் பம்புக்குப் "பெட்டியும் பறையும்" என்று பெயர், மரத்தில் செய்த பெரிய பெட்டி, இப்போதும் சில இடத்தில் ஓடுகிறது. இந்த விவசாய முறையை ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 2013-ல் உலகப் பாரம்பரிய வேளாண்மைப் பட்டியலில் சேர்த்தது. பச்சையாகப் பார்க்க ஆசை என்றால் டிசம்பர், ஜனவரியில் இன்னொரு தடவை வாங்க.

குமரகமா ஆலப்புழையா என்றால், குமரகம் காயலின் கிழக்குக் கரை, ஆலப்புழை மேற்கே கடலை ஒட்டி. குமரகத்தில் நின்றால் தண்ணீருக்கு மேல் சூரியன் இறங்கும், அமைதியாக இருக்கும், அகலமான காயல். ஆலப்புழையில் கால்வாய், கடற்கரை, கூட்டம், ஹவுஸ்போட் வரிசை. வயசானவர்களோடு வருகிறீர்கள், குமரகத்திலேயே தங்கிக்கொண்டு ஒரு நாள் ஆலப்புழை பார்த்துவிட்டு வாங்க.

ஹவுஸ்போட்டில் ராத்திரி தங்குவது வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஏரிச்சாலை சைக்கிள்:

அக்கா, இதுதான் உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் சொல்வது. நம்ம ஊரிலேயே இருக்கிற கோக்கர்ஸ் வாக்குக்கு நாம் போகிறோமா? அதற்காக வருகிறவனிடம் போகாதே என்று சொல்லலாமா? தண்ணீருக்கு நடுவில் ராத்திரி தூங்கி எழுந்திருக்கிறது ஒரு அனுபவம் இல்லையா?

கோட்டயத்து மருமகள்:

தண்ணீருக்கு நடுவில் யார் தூங்க விடுகிறார்கள்? அதைத்தான் சொல்ல வந்தேன். மத்தியானம் 12 மணி வாக்கில் ஏற்றுவார்கள், சாயங்காலம் ஐந்தரை ஆறு மணிக்குக் கரையில் கட்டிவிடுவார்கள். ராத்திரி மீன்பிடிக்கிறவர்கள் வலை போடுவார்கள், அதனால் ஹவுஸ்போட் ஓடக்கூடாது. கட்டின இடத்தில் பக்கத்துப் படகின் ஜெனரேட்டர் சத்தம், டீசல் வாசனை, கொசு. காலையில் சாப்பாடு கொடுத்து ஒரு சின்ன சுற்று, 9 மணிக்கு இறக்கிவிடுவார்கள். ஓடுகிற நேரத்தைக் கூட்டிப் பாருங்கள், பகல் சவாரியில் ஓடுகிறதுதான் கிட்டத்தட்ட வரும். ராத்திரிக் காசு முழுக்கப் படுக்கைக்குத்தான்.

ஏசி முழு நேரமா ராத்திரி மட்டுமா என்பதையும் கேட்க வேண்டும், பல படகில் ராத்திரி 9-லிருந்து காலை 6 வரைதான் போடுவார்கள். கொடைக்கானலில் ஆகஸ்டில் கம்பளி போர்த்திக்கொண்டு தூங்குகிற ஆட்களுக்கு மத்தியானம் மழை விட்டதும் வருகிற அந்தப் புழுக்கம் தாங்காது.

தாண்டிக்குடி மிளகு:

மருமகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் முழங்கால் வலிக்காரர் ஒருவர் இருக்கிறார் என்பதையும் பாருங்கள். நடக்கவே வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்தால் ஊர் தானாக நகர்ந்து வந்து காட்டுகிறது, வயசானவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? என் அண்ணி அப்படித்தான் நாள் முழுக்க முன்தளத்தில் உட்கார்ந்து, கரையில் பாத்திரம் கழுவுகிற பெண்களோடு பேசிக்கொண்டே வந்தார், அவர் பேசியது தமிழ், அவர்கள் பேசியது மலையாளம், யாருக்கும் ஒரு குறையும் இல்லை. கஷ்டம் ஏறி இறங்குவதில்தான். பலகை போட்டு ஏற்றுவார்கள், மழையில் வழுக்கும். மாடி உள்ள படகு என்றால் அந்த ஏணிப்படி அவருக்கு ஆகாது. கீழ்த்தளத்திலேயே உட்காரும் இடம் உள்ள படகாகப் பார்த்து, காசு கொடுக்கும் முன் நேரில் போய்ப் பாருங்கள். போட்டோவில் இருக்கிற படகு ஒன்று, துறையில் நிற்கிற படகு வேறு.

வத்தலக்குண்டு வண்டி:

ஐயா சொன்ன கடைசி வரியை எல்லோரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆலப்புழைக்குள் தமிழ்நாட்டு நம்பர் வண்டி நுழைந்தால் பைக்கில் ஒருவன் கூடவே வருவான். கண்ணாடியை இறக்கவே கூடாது. போன சீசனில் நான் கூட்டிப் போன திண்டுக்கல் குடும்பம் போனிலேயே முழுக் காசையும் அனுப்பிவிட்டது, போய்ப் பார்த்தால் அந்தப் பெயரில் படகே இல்லை.

சாக்லேட் கடை, நாயுடுபுரம்:

அப்படியானால் பகல் சவாரி மட்டும், அதுவும் மாடி இல்லாத படகு. ராத்திரி கரையில் வீடு மாதிரி ஏதாவது இடத்தில் தங்கிக்கொள்கிறோம். மனைவிக்கு இது சம்மதம், பையன்தான் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறான்.

ஏரிச்சாலை சைக்கிள்:

பையன் என் கட்சி.

அரசுப் படகு ரசிகன்:

எல்லோரும் பணக்காரப் படகையே பேசுகிறீர்கள். கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை என்று ஒன்று இருக்கிறது. நம்ம ஊரில் பஸ் ஓடுவதுபோல் அங்கே படகு ஓடுகிறது. கோட்டயத்திலிருந்து ஆலப்புழைக்குப் படகு, இரண்டரை மணி நேரம், டிக்கெட் சில பத்து ரூபாய்தான். ஹவுஸ்போட் காட்டுகிற அதே கால்வாய், அதே காயல். ஒவ்வொரு துறையிலும் நிற்கும், பள்ளிப் பிள்ளை ஏறும், மீன்கூடை ஏறும், காஸ் சிலிண்டர்கூட ஏறும், ஓட்டுகிறவருக்கும் எஞ்சின் ஆளுக்கும் நடுவில் பேச்சே கிடையாது, ஒரு மணியைக் கயிறு கட்டி இழுத்து இழுத்தே எல்லாம் சொல்லிக்கொள்வார்கள். ஒரு தடவை அடித்தால் ஒரு அர்த்தம், இரண்டு தடவை அடித்தால் வேறு அர்த்தம். என் மகன் இறங்கின பிறகும் வீட்டுக் கதவில் கயிறு கட்டி அதையே பண்ணிக்கொண்டிருந்தான்.

அவ்வளவு நேரம் வேண்டாம் என்றால் குமரகத்திலிருந்து எதிர்க் கரை முகம்மா. காயலைக் குறுக்கே கடக்கிற படகு, முக்கால் மணி நேரம் போல ஆகும். வண்டியைக் குமரகம் துறையில் விட்டுவிட்டுப் போய்த் திரும்பலாம். வெள்ளம், ஆகாயத்தாமரை, பால வேலை என்று ஏதாவது ஒன்றால் சில நாள் சில வழியில் ஓடாது, முந்தின நாள் துறையில் போய்க் கேட்டுவிடுங்கள்.

பெருமாள்மலை டீச்சர்:

முகம்மா படகு நல்ல யோசனை, ஆனால் பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்குங்கள், வெட்கப்படாதீர்கள். 2002 ஜூலை 27-ல் முகம்மாவிலிருந்து குமரகம் வந்த அரசுப் படகு கவிழ்ந்து 29 பேர் இறந்தார்கள். அரசு வேலைத் தேர்வு எழுதப் போனவர்கள் நிறைய பேர் அதில் இருந்தார்கள், ஏற்ற வேண்டியதைவிட அதிகமாக ஏற்றியிருந்தார்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. கூட்டமான படகு என்றால் அடுத்ததற்கு நில்லுங்கள், அவ்வளவுதான். காற்று பலமாக இருக்கிற நாளில் அந்த அகலமான காயல் நம் ஏரி மாதிரி சும்மா இருக்காது, அலை நன்றாகவே தூக்கும். எச்சரிக்கை கொடுத்த நாளில் கலெக்டரே ஹவுஸ்போட், சிக்காரா என்கிற சின்ன சவாரிப் படகு எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்.

அப்புறம் பறவைகள். குமரகம் சரணாலயம் 14 ஏக்கர், சின்னதுதான். ஒரு காலத்தில் பேக்கர் என்கிற ஆங்கிலேயக் குடும்பத்தின் தோட்டமாக இருந்த இடம். இணையத்தில் எங்கே பார்த்தாலும் "சைபீரியக் கொக்கு வருகிறது" என்று எழுதியிருப்பார்கள், அதை நம்பிப் பையனுக்கு ஆசை காட்டாதீர்கள். அந்தக் கொக்கு கடைசியாக இந்தியாவுக்கு வந்ததே ராஜஸ்தானின் பரத்பூருக்குத்தான், 2002-க்குப் பிறகு அங்கேயும் இல்லை. வெளிநாட்டுப் பறவைகள் வேண்டும் என்றால் நவம்பர் முதல் பிப்ரவரி. ஆகஸ்டில் பார்க்க வேண்டியது வேறு: நீர்க்காகம், பாம்புத்தாரா, இராக்கொக்கு, வெள்ளைக் கொக்கெல்லாம் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற காலம் அது. ஒரு மரத்தில் மேலே பாம்புத்தாரா, கீழே நீர்க்காகம், நடுவில் கொக்கு, எல்லாக் குஞ்சும் ஒரே நேரத்தில் கத்தும், எச்ச நாற்றம் மூக்கைத் துளைக்கும். காலை 7 மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும், 10 மணிக்குப் போய்விட்டு "ஒண்ணுமே இல்லை" என்று எழுதுகிறவர்கள்தான் அதிகம். உங்கள் அம்மாவுக்கு அந்தப் பாதை சரிவராது, மழையில் சேறு.

சாக்லேட் கடை, நாயுடுபுரம்:

டீச்சர், அம்மாவை அறையில் விட்டுவிட்டு நாங்கள் மட்டும் காலையில் போய்வருகிறோம். பாதிராமணல் தீவு என்று ஒன்று சொல்கிறார்களே?

பெருமாள்மலை டீச்சர்:

முகம்மாவிலிருந்து படகு பிடித்தால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். வீடு கிடையாது, ஆள் கிடையாது, கல் பாவிய பாதை, இரண்டு பக்கமும் சதுப்புக் காடு. அழகுதான், ஆனால் கொசுவுக்கு மருந்து தடவிக்கொண்டு போங்கள், மழைக்காலத்தில் நின்று பார்க்கவே விடாது. அதைவிட முகம்மா கரையிலேயே நில்லுங்கள் என்பேன். கக்கா என்கிற சிப்பி எடுக்கிறவர்கள் வள்ளத்தில் வந்து இறக்குவார்கள். நீளமான மூங்கில் முனையில் வலைக்கூடை கட்டி அடிமண்ணை வாரி எடுப்பது. கரையில் பெரிய அண்டாவில் வேகவைத்து, சல்லடையில் போட்டு ஆட்டினால் கருப்பு ஓடு தனியாக, சுண்டுவிரல் நகம் அளவு இறைச்சி தனியாக விழும். ஓடு சுண்ணாம்புக்குப் போகும். பெண்கள்தான் பெரும்பாலும் செய்கிறார்கள், கை நிற்காது. வேலை நடக்கிற இடம் என்பதால் கேட்டுவிட்டுப் போட்டோ எடுங்கள்.

தாண்டிக்குடி மிளகு:

தம்பி, நீங்கள் தமிழ்நாட்டிலிருந்து போகிறீர்கள், குமரகத்திலிருந்து வெச்சூர் வழியாக வைக்கம் பக்கத்தில்தான். அங்கே போகாமல் திரும்பாதீர்கள். 1924 மார்ச் 30-ல் தொடங்கிய சத்தியாகிரகம், கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கவே ஒரு பகுதி மக்களுக்கு உரிமை இல்லை என்பதை எதிர்த்து. தலைவர்கள் வரிசையாகக் கைதானதும் இங்கிருந்து பெரியார் போய் நடத்தினார், இரண்டு தடவை சிறை. மதுரைப் பக்கம் ரோசாப்பூ துரை என்று இன்னும் சொல்கிறார்களே, அந்த ஜார்ஜ் ஜோசப்பும் அங்கே கைதானவர்தான். 1925 நவம்பரில் முடிந்தபோது மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன, கோயிலுக்குள் நுழைய 1936 ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெரியார் நினைவகத்தைத் தமிழ்நாடு அரசு புதுப்பித்து 2024 டிசம்பர் 12-ல் திறந்தார்கள், தமிழ்நாடு, கேரளா இரண்டு மாநில முதல்வர்களும் வந்திருந்தார்கள். பிள்ளைகளுக்குப் பாடத்தில் ஒரு வரி வரும். அந்தத் தெருவில் ஒரு சுற்று நடந்தால் பாடம் வேறு மாதிரி படிக்கும்.

அம்மா கோயிலுக்கும் போகலாம், வைக்கத்தப்பன் பெரிய கோயில். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், வேட்டி எடுத்துப் போங்கள்.

கோட்டயத்து மருமகள்:

ஐயா சொன்ன வழியில் இரண்டு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். வெச்சூர் என்பது குட்டைப் பசுவின் ஊர், உயரம் மூன்றடிதான், 7 வயசுப் பொண்ணு அதைக் கட்டிப்பிடித்தால் அப்புறம் காருக்குள் வரமாட்டாள். இப்போது எல்லா வீட்டிலும் இல்லை, விசாரிக்க வேண்டும். அப்புறம் வைக்கம் படகுத்துறையில் 2017 ஜனவரியிலிருந்து சூரிய ஒளியில் ஓடுகிற படகு இருக்கிறது, பெயர் ஆதித்யா, இந்தியாவின் முதல் சோலார் பயணிகள் படகு. எதிர்க் கரை தவணக்கடவுக்குப் போய்த் திரும்பலாம், சத்தமே இருக்காது. பையனின் மூஞ்சி அதில் சரியாகிவிடும்.

வழியில் தண்ணீர்முக்கம் தடுப்பணையையும் பாருங்கள். ஆகஸ்டில் கதவெல்லாம் திறந்திருக்கும். டிசம்பர் வாக்கில் மூடுவார்கள், கடல் உப்பு ஏறி புஞ்சை நெல் கெடாமல் இருக்க. நெல்லுக்கு நல்லது, ஆனால் மூடின பக்கம் தண்ணீர் தேங்கி ஆகாயத்தாமரை மண்டிவிடும், உப்பு ஏறினால்தான் அது சாகும். மீனும் கக்காவும் குறைந்துபோனதற்கு மீனவர்கள் இதைத்தான் குறை சொல்கிறார்கள், விவசாயி மூடு என்பார், மீனவர் திற என்பார், வருஷா வருஷம் இதே சண்டை. எங்கள் தெருவில் ஒரே வீட்டில் அண்ணன் விவசாயி, தம்பி மீன்காரர், டிசம்பரில் பேச்சுவார்த்தையே இருக்காது.

ஏரிச்சாலை சைக்கிள்:

நம்ம ஏரியிலும்தான் களை மண்டுகிறது, மிஷின் வைத்து எடுக்கிறார்கள். உப்பு போட்டுப் பார்க்கலாமோ?

பெருமாள்மலை டீச்சர்:

தம்பி, சும்மா இரு.

அரசுப் படகு ரசிகன்:

யாரும் படகுப்போட்டி தேதியைச் சொல்லவில்லையே? நேரு கோப்பை, ஆலப்புழை புன்னமடைக் காயலில். 1952-ல் நேரு வந்தபோது அவருக்காக நடத்தின போட்டியில், முடிந்ததும் அவர் பாதுகாப்பையெல்லாம் விட்டுவிட்டு ஜெயித்த சுண்டன் வள்ளத்திலேயே (நீளமான பாம்புப் படகு) ஏறிவிட்டார், டெல்லி போய் வெள்ளியில் ஒரு கோப்பை செய்து அனுப்பினார். வழக்கமாக ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை. ஆனால் 2024-ல் வயநாடு நிலச்சரிவால் செப்டம்பர் 28-க்குத் தள்ளிப்போனது, 2025-ல் ஆகஸ்ட் 30-ல் நடந்தது. அதனால் இந்த வருஷத் தேதியைப் பார்த்துவிட்டு அறை போடுங்கள்.

கோட்டயத்து மருமகள்:

முழங்கால் வலிக்காரரையும் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு போட்டி அன்று ஆலப்புழைக்குள் போகவே போகாதீர்கள். ரோடு மூடுவார்கள், காலையிலிருந்து இடம் பிடிக்க வேண்டும், பாத்ரூம் கஷ்டம். அதற்கு முந்தின வாரங்களில் சாயங்காலம் பயிற்சி நடக்கும், அதைப் பாருங்கள். கைனகரி, புளிங்குன்னு, குமரகம் பக்கமே கிளப்காரர்கள் வள்ளத்தை இறக்குவார்கள். டிக்கெட் கிடையாது. 100 அடிக்கு மேல் நீளமான வள்ளம், நூறு பேர் போல ஒரே தாளத்தில் துடுப்பைப் போட்டுத் தூக்கும்போது கரையில் நிற்கிற நம் மேல் தண்ணீர் தெறிக்கும். நடுவில் நிற்கிறவர்கள் மரக்கட்டையால் பலகையில் இடித்துத் தாளம் கொடுப்பார்கள், அந்தச் சத்தம் முதலில் வரும், வள்ளம் அப்புறம்தான் வளைவில் திரும்பும். போட்டி நாளில் தூரத்துப் பந்தலில் உட்கார்ந்தால் இது கிடைக்காது.

சாக்லேட் கடை, நாயுடுபுரம்:

அக்கா, பயிற்சி நேரத்தை எப்படித் தெரிந்துகொள்வது?

கோட்டயத்து மருமகள்:

தங்குகிற வீட்டில் கேளுங்கள். சாயங்காலம் எந்த டீக்கடையிலும் கேளுங்கள், அந்த மாதத்தில் அவர்கள் பேசுவதே அதைத்தான்.

மலரிக்கல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோட்டயத்துக்கும் குமரகத்துக்கும் நடுவில், திருவார்ப்பு பஞ்சாயத்து. வயலில் தண்ணீர் நிற்கிற காலத்தில் ஆம்பல் தானாக முளைத்து ஏக்கர் கணக்கில் இளஞ்சிவப்பாகப் பூத்துக் கிடக்கும். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை, தண்ணீரை இறைத்து விதைப்பு ஆரம்பித்ததும் முடிந்துவிடும். ராத்திரி விரிகிற பூ, வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும், 9 மணிக்குள் பார்த்துவிட வேண்டும். ஊர்க்காரர்களே சின்ன வள்ளத்தில் கூட்டிப்போவார்கள். அம்மா வள்ளத்தில் ஏற வேண்டாம், ரோட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாலே எல்லாம் தெரியும். சனி ஞாயிறு மட்டும் வேண்டாம், கல்யாண போட்டோ எடுக்கிற கூட்டம் ரோட்டையே அடைத்துவிடும்.

சாக்லேட் கடை, நாயுடுபுரம்:

சாப்பாடு பற்றி யாராவது சொல்லுங்கள். அம்மா கேரளத்துச் சிவப்பு மட்டை அரிசிச் சோற்றைப் பார்த்தால் எழுந்துவிடுவார்.

வத்தலக்குண்டு வண்டி:

கோட்டயம், ஆலப்புழை இரண்டு ஊரிலும் சைவ ஹோட்டல் உண்டு, வெள்ளைச் சாதம் கேட்டால் கொடுப்பார்கள். ஹவுஸ்போட் பகல் சவாரியில் மட்டும் முதல் நாளே சைவம் என்று சொல்லி, தனிச் சட்டியில் சமைக்கிறீர்களா என்று கேட்டுவிடுங்கள். மீன் பொரித்த எண்ணெயிலேயே அப்பளம் போடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். தயிர் ஒரு பாக்கெட் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாண்டிக்குடி மிளகு:

அம்மாவுக்கு அம்பலப்புழை. ஆலப்புழைக்குத் தெற்கே கொஞ்ச தூரம், கிருஷ்ணன் கோயில், அந்தப் பால் பாயசத்துக்காகவே போகலாம். பால், அரிசி, சர்க்கரை, வேறு எதுவும் கிடையாது, மணிக்கணக்கில் காய்ச்சிக் காய்ச்சி நிறமே மாறியிருக்கும். சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும், காலையிலேயே வாங்கிவிட வேண்டும். பக்கத்தில் கருமாடியில் பழைய புத்தர் சிலை இருக்கிறது, கருமாடிக்குட்டன் என்பார்கள், கருங்கல், ஒரு பக்கம் உடைந்தது. ஐந்து நிமிஷ வேலை.

அப்பாவுக்குக் கரிமீன் பொள்ளிச்சது, வாழையிலையில் சுற்றிச் சுட்ட காயல் மீன். அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் முள் அதிகம், பிள்ளைகளுக்கு எடுத்துத்தான் கொடுக்க வேண்டும். காயல் மீனா வெளியூர் மீனா என்று கேளுங்கள், நல்ல கடைக்காரன் உண்மையைச் சொல்வான். ஜூலை 31-ல் கேரளத்தில் விசைப்படகு மீன்பிடிக்கான ட்ராலிங் தடை முடியும், அதனால் ஆகஸ்டில் கடல் மீனும் வர ஆரம்பித்துவிடும். கள்ளுக்கடையில் மரவள்ளிக் கிழங்கும் குடம்புளி போட்ட மீன் குழம்பும் சாப்பிடாமல் வந்தால் அவருக்கு நிம்மதி இருக்காது. குடும்பத்தோடு உட்காரத் தனி அறை உள்ள கடைகள் இருக்கின்றன, நம்ம ஊர் டாஸ்மாக் மாதிரி நினைத்துப் பயப்பட வேண்டாம்.

ஏரிச்சாலை சைக்கிள்:

ஐயா, கள்ளுக்கடைக்குப் போய்க் கிழங்கு மட்டும் சாப்பிட்டீர்களா?

தாண்டிக்குடி மிளகு:

குழம்பும் சாப்பிட்டேன்.

சாக்லேட் கடை, நாயுடுபுரம்:

எல்லோருக்கும் நன்றி. இப்படி வைத்திருக்கிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள். செவ்வாய் விடிகாலை 5 மணிக்குக் கிளம்பி சாயங்காலம் குமரகம். புதன் காலை நானும் பிள்ளைகளும் பறவை சரணாலயம், அப்புறம் எல்லோரும் வெச்சூர், தண்ணீர்முக்கம், வைக்கம், சோலார் படகு, சாயங்காலம் வள்ளப் பயிற்சி கிடைத்தால் பயிற்சி. வியாழன் காலை வண்டியிலேயே அம்பலப்புழை, பாயசம், திரும்பும்போது ஆலப்புழையில் மாடி இல்லாத படகில் பகல் சவாரி. வெள்ளி காலை மலரிக்கல் பார்த்துவிட்டு அப்படியே கோட்டயம், குமுளி, ஊர். 3 நாள் என்று ஆரம்பித்து 4 ஆகிவிட்டது, கடையை மச்சானிடம் விடுகிறேன், மழைக்காலத்தில் கேரளா வேண்டாம் என்றவர்தானே. அரசுப் படகை எங்கே நுழைப்பது என்றுதான் தெரியவில்லை.

அரசுப் படகு ரசிகன்:

சோலார் படகும் அரசுப் படகுதான் சார். மணி மட்டும் கிடைக்காது. வியாழன் சவாரி முடிந்ததும் ஆலப்புழைத் துறையிலிருந்து நெடுமுடிப் படகில் பையனை மட்டும் ஏற்றிக்கொண்டு போங்கள், மற்றவர்களை வண்டியில் நெடுமுடிக்கு வரச் சொல்லுங்கள், ஆலப்புழை சங்ஙனாசேரி ரோட்டிலேயே இருக்கிறது.

கோட்டயத்து மருமகள்:

அந்த ரோட்டில் வரும்போது, தண்ணீர் விடாத வயல் ஏதாவது தெரிந்தால் வண்டியை ஓரமாக நிறுத்தி ஒரு நிமிஷம் பாருங்கள். ஒரு பக்கம் கால்வாய்த் தண்ணீர் மேலே நிற்கும், இன்னொரு பக்கம் வயல் அதற்குக் கீழே இருக்கும், நடுவில் ஒரு மண் வரப்பு. 2018 வெள்ளத்தில் இந்த வரப்புகள் உடைந்து ஊர் முழுக்க முகாமுக்குப் போனது. நெடுமுடி யோசனை நல்லதுதான், ஆனால் கனமழை பெய்தால் அந்தப் பக்கம் தண்ணீர் ஏறும், அன்று காலை கேட்டுவிட்டு முடிவு பண்ணுங்கள்.

பெருமாள்மலை டீச்சர்:

புதன் ஒரே நாளில் சரணாலயமும் வைக்கமும் என்றால் அம்மாவுக்கு மத்தியானம் படுக்க நேரம் விடுங்கள். வைக்கம் கோயில் மத்தியானம் நடை சாத்தியிருக்கும், எப்படியும் சாயங்காலம்தான்.

வத்தலக்குண்டு வண்டி:

வெள்ளி மலரிக்கல் 8 மணிக்கு முடித்து, 9 மணிக்குக் கோட்டயம் தாண்டினால் குமுளியில் மத்தியானச் சாப்பாடு, இருட்டும் முன்னால் காட்ரோடு. வைப்பர் பிளேடு இரண்டும் புதுசு போடுங்கள். மேலே ஏறும்போது செக்போஸ்ட்டில் வெளியூர் வண்டிகளுக்கு ஈ-பாஸ் பார்த்துக்கொண்டிருப்பார்கள், உள்ளூர் வண்டி என்பதற்கான பாஸைப் போனில் தேடாமல் எடுக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

சாக்லேட் கடை, நாயுடுபுரம்:

வைப்பர் நாளைக்கே மாற்றிவிடுகிறேன் அண்ணா. அக்கா, மாடி இல்லாத படகு, சைவச் சமையல், இரண்டும் சேர்ந்து கிடைக்கிற ஆள் யாராவது தெரிந்தால் தனிச் செய்தியில் சொல்லுங்கள்.

கோட்டயத்து மருமகள்:

என் நாத்தனார் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு ராத்திரி சொல்கிறேன் தம்பி. முன்பணம் யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள்.